உடம்பு இல்லாத கால்

என் கைப்பையில் எப்போதும் நாலைந்து சின்னக் குப்பிகள் கிடக்கும். சுண்டுவிரல் உயரம்கூட இருக்காது. மூடியைத் திருகினால் ஸ்பிரிட் வாடை வரும். சின்னக் குழந்தை வைத்திருக்கும் மற்றவர்களின் பையில் பிஸ்கட், மாற்று ஜட்டி, முகம் துடைக்கும் துணி எல்லாம் இருக்கும். என் பையிலும் அவை உண்டு. நடுவில் இந்தக் குப்பிகளும் ஒரு இடுக்கியும் உண்டு. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை மகளுக்கு பிஸ்கட் எடுக்கப் போய் ஒரு குப்பியின் மூடி கழன்றுவிட்டது. பக்கத்தில் நின்ற அண்ணாச்சி மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காலங்காத்தாலயேவா" என்று தன் மனைவியிடம் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூடிவிட்டேன்.

ஆரம்பம் ஒரு நாட்டிலிருந்து. வடகடலில் எங்கோ இருக்கும் சின்ன, குளிர்ந்த நாடு. அதன் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. பின்னாளில் என் மகள் அதற்குப் பூச்சி நாடு என்று பெயர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. உலகத்தில் உள்ள எல்லா உயிர்களையும் அட்டவணை போட்டுவிட வேண்டும் என்று அந்த நாடு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு உயிரின் மரபணுவிலும் ஒரு சின்னத் துண்டை எடுத்து, அதில் உள்ள எழுத்து வரிசையைப் படித்து வைத்துக்கொள்வார்கள். கடைச் சாமான் பொட்டலத்தில் கறுப்புக் கோடுகள் இருப்பதுபோல ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு அடையாளம். பல நாடுகளிலிருந்து அவர்களுக்கு மாதிரிகள் போகின்றன. எங்கள் பக்கத்து மலையடிவாரத்திலிருந்து அனுப்பும் பொறுப்பை நான் படித்த கல்லூரியின் பேராசிரியை ஏற்றுக்கொண்டார். அதற்கான அரசு அனுமதிகளை வாங்க அவர் அலைந்த அலைச்சல் தனிக் கதை. விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணம், குழந்தை என்று வீட்டில் இருந்த என்னை அவர்தான் கூப்பிட்டார். "பாதி நேர வேலைதான். பிள்ளையையும் பாத்துக்கலாம்" என்றார். பிள்ளையைப் பார்த்துக்கொண்டே செய்யக்கூடிய வேலை என்று ஒன்று உண்டா என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதை என் மாமனாருக்கு நான் விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அவுக நாட்டுல பூச்சி கெடையாதாம்மா?"

"உண்டு மாமா. குளிர்ங்கிறதால நம்ம அளவுக்கு இருக்காது."

"அதான் நம்மகிட்ட இருக்கத எண்ணுதாக. சரி, எண்ணட்டும். நமக்கென்ன நட்டம்?"

மாமாவுக்குப் பாவூர்சத்திரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. வெண்டை, கத்தரி, மிளகாய் போட்டு சந்தைக்கு அனுப்புவார். பூச்சிகளைப் பிடிக்கும் வலையை அங்கே கட்ட இடம் கொடுத்தார். பார்க்கக் கூடாரம் மாதிரி இருக்கும். பறந்து வருகிற பூச்சி துணியில் முட்டி, மேலே ஏறி, உச்சியில் உள்ள பெரிய ஸ்பிரிட் குப்பியில் விழும். வாரம் ஒரு முறை அந்தக் குப்பியை மாற்ற வேண்டும். தோட்டத்தைத் தாண்டிப் போகிறவர்கள் மாமாவை விடவில்லை. "அண்ணாச்சி, வெண்டைக்காய்க்கு கொசு கடிக்குன்னா வலை கட்டியிருக்கீரு?" என்பார்கள். "உள்ள சரக்கு வேற இருக்காமே, எங்களுக்குக் கெடையாதா?" என்பார்கள். மாமா, "மருமவகிட்டக் கேளுங்க, அவதான் கடைக்காரி" என்பார்.

இந்த வேலையில் ஒரு வழக்கம் இருக்கிறது. முழுப் பூச்சியையும் அனுப்புவதில்லை. ஒரு கால் போதும். காலை இடுக்கியால் கழற்றிக் குப்பியில் போட்டு, எண் எழுதி, அந்த நாட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். உடம்பை ஊசியில் குத்தி, அதே எண் எழுதிய சீட்டோடு எங்கள் கல்லூரிப் பெட்டியில் வைக்க வேண்டும். கால் அங்கே, உடம்பு இங்கே. என்றைக்காவது சந்தேகம் வந்தால் உடம்பை எடுத்துப் பார்க்கலாம். எங்கள் பேராசிரியை மேடம் இதைப் புதிதாக வரும் மாணவிகளுக்குச் சொல்லும்போது, "கால் பேசும், உடம்பு சாட்சி சொல்லும்" என்பார். உடம்பு இல்லாத காலை அவர் தொடவே மாட்டார்.

நான் சொல்லப்போவது அப்படி ஒரு காலைப் பற்றித்தான்.

அது சாரல் காலம். குற்றாலத்தில் தண்ணீர் கூடிப்போய் பேரருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். என் கணவர் காவல்துறையில் இருக்கிறார். சீசன் முழுக்க அருவிக்கரையில் பந்தோபஸ்து. எண்ணெய் தேய்த்துக்கொண்டு தயாராக வந்து நிற்பவர்களிடம் தடை என்று சொல்லி, அவர்கள் பேச்சையும் வாங்கிக்கொண்டு, விசிலடித்துத் திருப்பி அனுப்புவது அன்று அவருடைய வேலை. அத்தை, என் மாமியார், நாத்தனாரின் பிரசவத்துக்காக வாசுதேவநல்லூர் போயிருந்தார். மேலகரத்தில் எங்கள் வீட்டில் நானும் மகளும் மட்டும். வலைக் குப்பி மாற்ற வேண்டிய நாள். ஒரு நாள் தள்ளினால் என்ன என்று நினைத்தேன். தள்ளினால் அந்த வாரத்துக் கணக்கு கெடும், மேடம் கேட்பார், வேலைக்கு எடுத்ததே தப்போ என்று நினைப்பார் என்றும் நினைத்தேன். கடைசியில் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அவளுக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. கையில் கிடைப்பதை வாயில் போட்டுப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

வெண்டை பூத்திருந்தது. மஞ்சள் பூக்களில் ஆரஞ்சும் கறுப்புமாகப் பட்டை போட்ட வண்டுகள் உட்கார்ந்து இதழைத் தின்றுகொண்டிருந்தன. எங்கள் பக்கத்தில் எல்லாத் தோட்டத்திலும் உள்ள வண்டுதான். கையில் நசுங்கினால் கொப்புளம் போடும் என்று மாமா குச்சியால்தான் தட்டிவிடுவார். எனக்கு அதற்கு மேலும் தெரியும். அதன் உடம்பில் உள்ள விஷம் வயிற்றுக்குள் போனால் வாயும் தொண்டையும் வெந்துவிடும், சிறுநீரகத்தைப் பிடிக்கும், சின்னப் பிள்ளைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம் என்று படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் இந்த மாதிரி நேரத்தில்தான் வரி வரியாக ஞாபகம் வரும்.

மகளைச் சாக்கு விரித்து உட்காரவைத்து, ஒரு பிளாஸ்டிக் கிண்ணமும் கரண்டியும் கொடுத்து, "பூவைத் தொடக் கூடாது, என்ன?" என்றேன். தலையாட்டினாள். வலையின் பெரிய குப்பியைக் கழற்றி, புதியதை மாட்டி, துணியில் ஒட்டியிருந்த ஒரு குளவியை இடுக்கியால் எடுத்துச் சின்னக் குப்பியில் போட மூடியைத் திறந்தேன். அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது. நான் அவளுக்குத் தின்ன எதுவும் கொடுத்திருக்கவில்லை.

"என்னட்டி வாயில?"

விழுங்கினாள். முகத்தைச் சுருக்கினாள். "ஒண்ணுல்ல" என்றாள்.

கீழுதட்டில் கறுப்பாக ஒரு கால் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் ஒரு கையில் இடுக்கி, இன்னொரு கையில் திறந்த குப்பி. குளவி எப்போது கீழே விழுந்தது என்று தெரியாது. இடுக்கி அவள் உதட்டிலிருந்து காலை எடுத்தது, குப்பியில் போட்டது, விரல்கள் மூடியைத் திருகின. அதற்குப் பிறகுதான் நான் அவள் வாய்க்குள் விரலை விட்டேன். உள்ளே எதுவும் இல்லை.

மாமா மிளகாய்ப் பாத்தியிலிருந்து ஓடிவந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?"

"வண்டத் தின்னுட்டா மாமா."

"எந்த வண்டு?"

அன்று சாயங்காலம் வரை எல்லாரும் என்னிடம் கேட்ட கேள்வி அதுதான். எந்த வண்டு? அந்த வரிசையில் முதல் ஆள் மாமா. அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் எல்லாருக்கும் சொன்னேன். தெரியவில்லை.

மாமாவின் மொபெட்டில் அவளை நடுவில் வைத்துக்கொண்டு தென்காசிக்குப் போனோம். வாய் கொப்பளிக்க வைத்திருந்தேன். உதட்டோரம் லேசாகச் சிவந்திருந்தது, எச்சில் வழிந்துகொண்டே இருந்தது. வழியில் ஒரு முறை வாந்தி எடுத்தாள். வாந்தியில் ஏதாவது தெரிகிறதா என்று மொபெட்டை நிறுத்திக் குனிந்து பார்த்தேன். காலையில் தின்ற இட்லிதான் இருந்தது.

குழந்தைகள் டாக்டர் நடுவயதுக்காரர், சத்தமாகப் பேசுவார். "எந்த வண்டு?" என்றார். நான் குப்பியைக் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதை வெச்சு என்னம்மா சொல்றது?"

"பாதம் இருந்திருந்தா லென்ஸ்ல பாத்துச் சொல்லிருக்கலாம் டாக்டர். அந்த வண்டுக்கு ஒவ்வொரு நகமும் ரெண்டாப் பிளந்திருக்கும். இதுல பாதம் இல்ல."

"பாதம் எங்க?"

நான் மகளைப் பார்த்தேன். டாக்டருக்குச் சிரிப்பு வந்து, என் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டது.

"சரி. அந்த வண்டுன்னே வெச்சுக்குவோம். சும்மா ஒரு பூச்சின்னு நெனச்சு விட்டுட்டு அப்புறம் முழிக்கக் கூடாது. சாயங்காலம் வரை இங்கயே இருக்கட்டும். பால், எண்ணெய், நெய் ஒண்ணும் வேண்டாம். தண்ணி குடுத்துக்கிட்டே இருங்க. யூரின் போனா என்னைக் கூப்பிட்டுக் காட்டுங்க. கலர் முக்கியம்."

அவள் போகவே இல்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு மருத்துவமனைச் சுவரில் வரைந்திருந்த யானையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். நான் டம்ளரை அவள் வாயருகே பிடித்துக்கொண்டு, யானை எப்படித் தண்ணீர் குடிக்கும், இன்னும் குடிக்கும், இன்னும் கொஞ்சம் குடிக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கணவர் நனைந்த யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தபோது நான் அந்த யானையை வெறுக்க ஆரம்பித்திருந்தேன். மாமா நடந்ததைச் சொன்னார். குப்பியைப் பற்றியும் சொன்னார், மறைக்கவேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"மொதல்ல குப்பியிலயா போட்ட?" என்றார் என் கணவர். குரல் உயரவில்லை. "பிள்ள வாயத் தொறந்து பாக்காம?"

"கையில இடுக்கி இருந்திச்சு..."

"கையில பிள்ள இல்லையா?"

மகளுக்கு மறுபடி டம்ளரை நீட்டினேன். சொல்ல ஒரு பதில் இருந்தது. ஒரு நொடிதான் ஆகியிருக்கும், அந்த நொடியில் அவள் ஏற்கெனவே விழுங்கியிருந்தாள், நான் எதை முதலில் செய்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது. இந்தப் பதிலை அப்போதும் மனதுக்குள் சொன்னேன், இப்போதும் சொல்லிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் சரியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கத் தோன்றுகிறது.

சாயங்காலம் அவள் போனாள். வெளிர் மஞ்சள். டாக்டர் சிறுநீர்த் தட்டை வாங்கிச் சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "குட்" என்றார். வீட்டுக்குப் போகலாம், ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டும், கொஞ்ச நாள் விட்டு விட்டுச் சோதனை எடுக்க வேண்டும் என்றார். "அந்த வண்டு இல்லைன்னு உறுதியாத் தெரிஞ்சா இவ்வளவு தேவையில்லை" என்று போகிற போக்கில் சொன்னார். அந்த வாக்கியம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

நான் வெள்ளைப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வாங்கினேன். மகள் அதில்தான் போக வேண்டும். கல்லூரிக்குப் போகும் நாட்களில் வாசுதேவநல்லூரிலிருந்து திரும்பி வந்திருந்த அத்தைக்கு போன் செய்து கலர் கேட்பேன். "நேத்து மாதிரியேதான் இருக்கு, நாளைக்கும் அப்படியேதான் இருக்கும்" என்பார் அத்தை. என் கணவருக்குக் கோபம் போய்க் கேலி வந்திருந்தது. "எங்க ஸ்டேஷன்ல இப்படிச் சம்பவ இடத்துலயே எவிடென்ஸ் எடுக்க ஒரு ஆளில்ல. பேசாம நீ வந்து சேந்துரு" என்பார். கேலியாவது பண்ணுகிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அதற்குள் ஒரு முள் இருக்கிறதா என்றும் தேடிப் பார்த்தேன்.

குப்பி என் மேசையில் இருந்தது. அதை அனுப்பினால் அந்த நாட்டின் அட்டவணை ஒரு பெயர் சொல்லும். இந்த வண்டு, அல்லது இந்த வண்டு இல்லை. பதில் வர மாதங்கள் ஆகும், அதற்குள் மகளுக்கு ஆவது ஆகிவிட்டிருக்கும் என்று தெரியும். இருந்தும் எனக்கு அந்தப் பெயர் வேண்டும். மேடத்திடம் கேட்டேன்.

"உடம்பு எங்க?" என்றார்.

"வீட்ல இருக்கு மேடம்."

"அப்ப கொண்டு வா. குத்தி வெச்சுட்டு அனுப்பிடலாம்."

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு, "இல்லம்மா. நாளைக்கு ஒருத்தர் வந்து, இந்த எண்ணுக்கு உடம்பு காட்டுன்னு கேட்டா நான் என்ன காட்டுவேன்? ஒரு எண்ணுக்கு விட்டுக் குடுத்தா எல்லாத்துக்கும் விட்டுக் குடுக்கணும்" என்றார். அவர் சொன்னது சரி. புதிய மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டிருந்தால் நானும் அதையே சொல்லியிருப்பேன்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் தீர்வைக் கையிலேயே வைத்திருந்தார். "இதுக்கா மொகத்தத் தொங்கப் போட்டுட்டு இருக்க? தோட்டத்துல அந்த வண்டு வேணும்மட்டும் கெடக்கு. ஒண்ணப் பிடிச்சு ஒரு காலப் பிச்சிட்டு, இதான் ஒடம்புன்னு குத்தி வெச்சிரு. அந்த ஊர்க்காரனா வந்து பாக்கப் போறான்?"

நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுத ஆசை. உடனே மறுக்கவில்லை. ஒரு நாள் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கால் அந்த வண்டுடையதாகவே இருந்துவிட்டால் பொய்கூட இல்லையே என்று தோன்றியது. இல்லாவிட்டால்? ஏதோ ஒரு சாதுவான பூச்சியின் எழுத்து வரிசைக்குப் பக்கத்தில் விஷ வண்டின் உடம்பு சாட்சியாக நிற்கும். எங்கோ ஒரு ஊரில் ஒரு பிள்ளை எதையாவது தின்றுவிட்டு, அதன் அம்மா இந்த அட்டவணையை நம்பிப் பார்ப்பாள். அந்த அம்மாவை நினைத்ததும் விட்டுவிட்டேன். அவளுக்கு என் முகமே இருந்தது.

இதற்கு நடுவில் ஒரு நாள் கிண்ணத்தில் இளஞ்சிவப்பாக வந்தது.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆட்டோ பிடித்து, கிண்ணத்தை மேலே தட்டு போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஆட்டோக்காரர், "அக்கா, சாம்பாரா? சிந்திராம" என்று திரும்பிப் பார்த்தார். டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், அவள் நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கும் சிவப்பு.

"நேத்து என்னம்மா குடுத்தீங்க?"

"நேத்து... சோறு, ரசம்..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டேன். மாமா சந்தையிலிருந்து பீட்ரூட் கொண்டுவந்திருந்தார். ரத்தம் ஊறட்டும் என்று நானே பொரியல் செய்து, நானே ஊட்டியிருந்தேன்.

டாக்டர் சிரித்த சிரிப்பு வெளியே காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். இருந்தாலும் பரிசோதனைக்கு அனுப்பினார். ரத்தம் இல்லை என்று வந்தது. நான் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மகள் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "பீட்டூட்" என்றாள்.

மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டார். பீட்ரூட் கதை அவருக்கும் போயிருந்தது. "அந்தக் குப்பியை எடுத்துட்டு வா" என்றார். "அனுப்பிடுவோம். ஆனா உள்ளதை எழுது. உடம்பு இல்லைன்னு எழுது. ஏத்துக்கிட்டா ஏத்துக்கட்டும், தள்ளுனா தள்ளட்டும்." உடம்பு வைக்கப்பட்டுள்ள இடம் என்ற கட்டத்தில் உடம்பு கிடைக்கவில்லை என்று எழுதினேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. சிறு குழந்தையால் உண்ணப்பட்டது என்று ஆங்கிலத்தில் எழுதியபோது அது மற்ற எல்லா வரியையும்போல அமைதியாக உட்கார்ந்துகொண்டது.

மாதங்கள் போயின. சாரல் நின்று, வெயில் வந்து, வடகிழக்கு மழையும் பெய்து முடித்தது. மகளுக்கு ஒவ்வொரு சோதனையும் சுத்தமாக வந்தது. வார்த்தைகள் கூடின. அவளிடமே கேட்கலாம் என்று ஒரு நாள் தோன்றியது. "தாத்தா தோட்டத்துல பூச்சி தின்னியே, அது என்ன கலர்?" என்றேன். "நீலம்" என்றாள். மறுநாள் கேட்டபோது, "ஆச்சி சேல கலர்" என்றாள். அத்தையிடம் எல்லாக் கலரிலும் சேலை இருக்கிறது.

பிறகு மடல் வந்தது. எங்கள் மாதிரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைத்திருந்தது. சிலவற்றுக்கு அட்டவணையில் இணையே இல்லை, புதியவையாக இருக்கலாம் என்று மேடத்துக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நான் என் எண்ணைத் தேடினேன். அதற்குக் கீழே தனியாக ஒரு குறிப்பு. இந்தக் குப்பியில் கிடைத்தது பூச்சியின் எழுத்து வரிசை அல்ல, மனிதனுடையது. மனித வரிசைகளை வைத்துக்கொள்வதில்லை என்ற விதிப்படி அது அழிக்கப்பட்டுவிட்டது. கால் முழுவதும் சோதனையில் செலவாகிவிட்டது. களத்தில் வேலை செய்பவர்கள் கையுறை அணியும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மேடம் பதறினார். "மனுஷ மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாதும்மா, நம்ம அனுமதி பூச்சிக்குத்தான்." உடனே அவர்களுக்கு விளக்கம் எழுதினார். இப்படி எச்சில், வியர்வை கலந்துவிடுவது எல்லா இடத்திலும் நடப்பதுதான், வரிசை எங்கும் சேமிக்கப்படவில்லை என்று பதில் வந்தது. மேடம் தண்ணீர் குடித்தார். நான் கையுறை என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிப்பு வந்தது. அவர்களுக்கு என்ன தெரியும், அது கை இல்லை, வாய்.

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் சிரிப்பு போய்விட்டது. வாய்தானா? அந்தக் குப்பியை எத்தனை முறை திறந்து லென்ஸில் வைத்துப் பார்த்திருப்பேன். என் விரலாகவும் இருக்கலாம். அவளுடையதா என்னுடையதா என்று யோசித்துக்கொண்டே வந்தபோது, வகுப்பில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. அவர்கள் படிக்கும் அந்தச் சின்னத் துண்டு அப்பாவிடமிருந்து வருவதில்லை. அம்மாவிடமிருந்து மட்டும் வரும். என்னுடையதும் அவளுடையதும் என் அம்மாவுடையதும் ஒரே எழுத்து வரிசைதான். அழிக்காமல் வைத்திருந்தாலும் அது நானா அவளா என்று அந்த நாட்டால் சொல்லியிருக்க முடியாது. சன்னல் வழியே மலை மேல் மேகம் படுத்திருந்தது. எங்கள் இருவரையும் ஒருவராக யாரோ படித்து, தாங்கள் தேடியது இதுவல்ல என்று துடைத்துப் போட்டிருக்கிறார்கள். எனக்கு வேண்டிய பெயர் அந்த எழுத்துகளுக்கு அடியில் எங்கோ இருந்திருக்கும். எங்கள் எழுத்து அதை மூடிவிட்டது.

ஆக, எந்த வண்டு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. டாக்டர் கடைசிச் சோதனையைப் பார்த்துவிட்டு, "இனிமே வராதீங்க. பீட்ரூட் சாப்பிட்டா நிச்சயமா வராதீங்க" என்றார். வெள்ளைக் கிண்ணத்தை அத்தை செடிக்குத் தண்ணீர் ஊற்ற எடுத்துக்கொண்டார். மகள் சிறுநீர் போகும்போதெல்லாம் என் கை கொஞ்ச நாள் அந்தக் கிண்ணத்தைத் தேடியது.

இந்தச் சாரலுக்கு மாமாவின் தோட்டத்தில் மறுபடியும் வெண்டை பூத்திருக்கிறது. வலையும் நிற்கிறது. போன வாரம் குப்பி மாற்றப் போனபோது மகளும் வந்தாள். இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும், கூடாரம் எதற்கு, பூச்சி நாட்டுக்கு எதை அனுப்புகிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று வருகிறவர்களுக்கு அவளே விளக்கம் சொல்வாள். ஒரு பூவில் ஆரஞ்சும் கறுப்புமாக அந்த வண்டு இருந்தது. அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள்.

"அம்மா, இது கசக்கும்."

நான் அவள் பக்கத்தில் குந்தினேன். மெதுவாக, பயம் காட்டாமல், "உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"தெரியும்." பக்கத்து இலையில் இருந்த ஒரு பச்சைப் பூச்சியைக் கண்ணால் காட்டினாள். "இதும் கசக்கும்." கீழே ஓடிய எறும்பைப் பார்த்தாள். "இது கொஞ்சம்போலக் கசக்கும்."

தூரத்திலிருந்து மாமா, "ஏலே, இவ எல்லாத்தையும் தின்னு பாத்திருக்காளே" என்று சிரித்தார்.

நாங்கள் வீட்டில் அந்தக் கதையை எத்தனை முறை அவள் முன்னால் பேசியிருக்கிறோம். கசப்பு அவள் நாக்கில் இருந்து வந்ததா, எங்கள் பேச்சிலிருந்து வந்ததா? உடம்பு அவளுக்குள்தான் போனது, சாட்சி சொல்ல வேண்டியதும் அவள்தான். அவள் எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சாட்சி சொல்கிறாள்.

நான் இடுக்கியால் அந்த வண்டைப் பூவிலிருந்து எடுத்தேன். இன்னொரு கையில் குப்பி திறந்திருந்தது. அப்போது அவள் வாய் அசைவதுபோல எனக்குத் தோன்றியது. எல்லாவற்றையும் கீழே போட்டுவிட்டு அவள் தாடையைப் பிடித்து, "ஆ காட்டு" என்றேன். காட்டினாள். நாக்கைத் தூக்கச் சொன்னேன். தூக்கினாள். கன்னத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எதுவும் இல்லை. ஈரமும் பல்லும் மட்டும்.

விரலை எடுத்ததும் அவள் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அம்மா, ஒன் வண்டு போவுது பாரு."